வன்னி மண்ணிற் கலப்பையின் கதை

வன்னி நாட்டின் வரலாறு என்றதும் நேயர்களின் நினைவில் முதலில் எழும் பெயர் பண்டாரவன்னியன் என்பதாகும். 1803ஆம் ஆண்டில் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதும், அவ்வாண்டின் பிற்பகுதியிற் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படைக்குத் தோல்வியுற்றதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். அரசர், படை, கோட்டை என்று வரலாறு எழுதுவது நமது வழக்கம். ஆயின் அந்நாட்டு மக்களின் பசியைத் தீர்த்த கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அக்கருவி கலப்பை. அதன் கொழு எத்தனை அங்குலம் மண்ணில் இறங்கிற்று, அதனை இறக்கியவர் யார், இறங்கிய ஆழம் சரிதானென்று அவர் எப்படி அறிந்தார் என்னும் வினாக்களுக்கு விடை தேடினால், வன்னியின் கடந்த நூறாண்டுக் கதை நம் கண்முன் விரியும். மரக்கலப்பை போய் யந்திரக் கலப்பை வந்த அக்கதையையே இன்று கூற விரும்புகின்றேன்.

முதலில் மண்ணைப் பற்றிச் சில சொற்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் செங்கபில நிறமான மண் பரந்து கிடக்கின்றது. இம்மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. வெயிலிற் காய்ந்தால் கல்லாக இறுகும். மழையில் நனைந்தால் காலிலும் கொழுவிலும் பிசினாக ஒட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதம் சில நாட்களே நிற்கும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் இறங்கி மார்கழி, தை வரையிற் பெய்யும். காலபோகத்து விதைப்பு முழுவதும் அந்த மழையின் தொடக்கத்தை நம்பியே நடைபெறும். ஆகவே வன்னிக் கமக்காரனுக்கு நிலம் குறைவாக இருந்த காலம் அரிது. குறைவாக இருந்தது நாள். பதம் தவறுமுன் உழுது முடிக்க வேண்டுமென்ற அவசரமே அங்குக் கலப்பையின் கதையை நடத்திச் சென்றது.

பழைய மரக்கலப்பையை இன்றைய இளைஞர் பலர் பொருட்காட்சிச்சாலையிலேயே கண்டிருப்பர். அதன் உறுப்புக்கள் மிகச் சில. மண்ணைக் கீறும் இரும்புக் கொழு, அதனைத் தாங்கும் மர உடல், முன்னோக்கி நீளும் ஏர்க்கால், எருதுகளின் கழுத்திலே தங்கும் நுகம், பின்னே உழவன் பிடிக்கும் மேழி என்பவை அவை. இத்தனை எளிய கருவியிலும் ஆழத்தை மாற்றும் வழி இருந்தது. நுகத்தை ஏர்க்காலின் நுனிப்பக்கமாகத் தள்ளிக் கட்டினால் ஏர்க்கால் தாழ்ந்து கொழுவின் மூக்குக் கீழ்நோக்கும், உழவு ஆழமாகும். நுகத்தை உழவன் பக்கமாக இழுத்துக் கட்டினால் மூக்கு நிமிரும், உழவு மேலாகும். ஏர்க்கால் பொருந்தும் துளையில் ஆப்பினை இறுக்கியும் தளர்த்தியும் இதே பயனைப் பெறுவதுண்டு. காலையில் முதற்சால் ஓட்டி, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, கயிற்றை அவிழ்த்து ஒரு விரற்கடை நகர்த்திக் கட்டிய பின்பே உழவன் முழு வயலையும் தொடங்குவான்.

கட்டி முடிந்ததோடு திருத்தம் முடிந்துவிடுவதில்லை. மேழியிலே இருந்த கை ஒவ்வோர் அடியிலும் மண்ணோடு பேசிக்கொண்டிருந்தது. மண் இறுகிய இடத்தில் எருதுகள் தயங்குவது கயிற்றிலே தெரியும். உழவன் கை கொழுவைச் சிறிது மேலெடுக்கும். மண் இளகிய இடத்திற் கை மீண்டும் ஆழம் கொடுக்கும். வேரோ கல்லோ தட்டினால், தட்டிய கணத்தில் மேழி உயரும். கொழு தாண்டிச் செல்லும். இவ்வாறு ஆழத்தை அளப்பது, பாரத்தைப் பகிர்வது, தடை வந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது என்னும் மூன்று தொழில்களையும் உழவனின் ஒரு கை செய்துவந்தது. இம்மூன்றையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகின்றேன். பின்னர் வந்த யந்திரங்கள் யாவும் இம்மூன்று தொழில்களையும் எங்ஙனம் செய்வது என்னும் வினாவோடுதான் போராடின.

மரக்கலப்பை மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் இறங்குவது அரிது. குளத்து நீர் பாயும் வயல்களில் எருமைகளை விட்டு மிதிப்பித்துச் சேறாக்குவதும் வழக்கமாயிருந்தது. மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலங்களில், முதல் மழைக்கு முன்னரே புழுதியாக உழுது விதைப்பர். குளம் சிறிது, வயல் சிறிது, ஊர் சிறிது. ஓர் இணை எருது போதுமானதாக இருந்தது. 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கைந்நூல் எழுதி வெளியிட்டார். காடும் காய்ச்சலும் சூழ, குளங்களை அண்டிச் சிதறிக் கிடந்த சிற்றூர்களே அக்கால வன்னி.

இந்நிலையை மாற்றியது நீர்ப்பாசனம். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவில் ஒரு பெருங்குளம் அமைக்கலாமென்ற திட்டத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தவர் ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். ஈழத்தின் தொல்குளங்களை ஆராய்ந்து 1909இல் நூல் வெளியிட்டவரும் அவரே. 1902இல் தொடங்கிய இரணைமடு வேலை 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. இதற்கிடையில், 1905இல், வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை சென்று சேர்ந்தது. 1936ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கத்தோடு கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கிற்று. சுதந்திரத்தின் பின்னர் வந்த பத்தாண்டுகளில் வவுனிக்குளம், முத்துஐயன்கட்டு, பாவற்குளம் முதலிய பழங்குளங்கள் புதுப்பிக்கப்பட்டன. இரணைமடுவின் கொள்ளளவும் படிப்படியாக உயர்த்தப்பட்டது. இன்று அதன் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் நிலம் உண்டு.

நிலம் பெருகியது, ஆனால் மழை வரும் நாட்கள் பெருகவில்லை. பல ஏக்கர் காணி பெற்ற குடியேற்றவாசி ஓர் இணை எருதோடு அதே சில நாட்பதத்துக்குள் எவ்வாறு உழுது முடிப்பான்? மேலும், காடு வெட்டிய புதுநிலத்திலே பாலை, வீரை, முதிரை முதலிய வன்மரங்களின் குற்றிகளும் வேர்களும் மண்ணுக்குள் மறைந்து கிடந்தன. ஆகவே விரைவும் வலிமையும் வேண்டியிருந்தன. அவற்றோடு, மறைந்த தடைக்கு விட்டுக்கொடுக்கும் பண்பும் வேண்டியிருந்தது.

குற்றி நிறைந்த நிலத்தின் துன்பம் வன்னிக்கு மட்டும் உரியதன்று. தென் அவுஸ்திரேலியாவில் மல்லி என்னும் ஒருவகை யூக்கலிப்ரஸ் காட்டை வெட்டி விளைநிலமாக்கியவர்களும் அதே துன்பத்தை அனுபவித்தனர். வெட்டிய மரத்தின் வேர்க்கட்டி மண்ணுள்ளே நின்று கலப்பைகளை முறித்தது. 1876இல் ரிச்சர்ட் பவுயர் ஸ்மித் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு கொழுவையும் தனித்தனிக் கீலில் மாட்டி, தடை தட்டும்போது அக்கொழு மாத்திரம் மேலெழும்பித் தாண்டி, பின்னர் பாரத்தினால் மீண்டும் மண்ணில் இறங்கும்படி அமைத்தார். குற்றி தாண்டுங் கலப்பை என்று அது பெயர் பெற்றது. உழவனின் கை செய்த மூன்றாவது தொழிலை ஒரு கீல் செய்யக் கற்றது அப்போதுதான். வன்னியின் புதுநிலங்களுக்குச் சட்டிக்கலப்பை ஏற்றதாக இருந்ததும் இத்தகைய காரணத்தினாலேயே. அதன் உருளும் வட்டத் தகடு, வேரில் முட்டி நிற்காமல் அதன்மேல் ஏறி உருண்டு சென்றுவிடும். பின்னாளில் வந்த கொத்துக்கலப்பையின் கால்களுக்குச் சுருள்வில் பொருத்தியதும் அதே நோக்கம் பற்றியதே.

மற்றை இரு தொழில்களையும் யந்திரத்துக்குக் கற்பித்த பெருமை ஹரி பெர்குசன் என்பவரைச் சேரும். அயர்லாந்தின் டவுன் கோட்டத்தில் 1884இல் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர் அவர். முதலாம் உலகப்போர்க் காலத்தில், உணவுற்பத்தியைப் பெருக்கும் முயற்சியில் உழவு யந்திரங்களைப் பார்வையிடும் பணி அவருக்குக் கிடைத்தது. அக்காலத்து யந்திரங்கள் கலப்பையை வண்டியைப் போலப் பின்னே கட்டி இழுத்தன. கொழு கல்லில் அகப்பட்டால், பின்சில்லு சுழல, யந்திரத்தின் முன்பகுதி மேலெழும்பிச் சாரதியின்மேற் கவிழ்வதும் உண்டு. அவ்வாறு உயிரிழந்தோர் பலர். கவிழாமலிருக்க யந்திரத்தைப் பாரமாக்கினால், அப்பாரமே மண்ணை நசுக்கிக் கெடுத்தது. கலப்பையையும் யந்திரத்தையும் இரண்டாகக் கருதியதே பிழை என்று பெர்குசன் கண்டார். இரண்டையும் ஓருடலாகப் பூட்ட வேண்டுமென்பது அவர் கொள்கை.

அதன் பயனாகப் பிறந்ததே மும்முனை இணைப்பு. யந்திரத்தின் பின்னே கீழிருந்து இரண்டு கைகளும் மேலிருந்து ஒரு கையும் நீண்டு கலப்பையைப் பற்றும். கீழ்க்கைகள் கலப்பையை இழுக்கும். மண் எதிர்க்கும்போது கலப்பை முன்னோக்கிக் கவிழ முயன்று மேற்கையை அழுத்தும். எதிர்ப்பு மிகுந்தால் அழுத்தமும் மிகும். அவ்வழுத்தம் ஓர் அடைப்பானைத் தள்ள, எண்ணெயின் விசையால் கீழ்க்கைகள் சிறிது உயரும், கொழு மேலெழும். எதிர்ப்புக் குறைந்தால் மீண்டும் இறங்கும். அன்றியும், மேற்கையின் அழுத்தமே யந்திரத்தின் முன்பகுதி எழும்பாதபடி தடுத்துப் பிடிக்கும்; கலப்பையின் பாரமும் மண்ணின் பாரமும் பின்சில்லுகளின்மேல் இறங்கி அவற்றுக்குப் பிடிப்பைத் தரும். மேழி பிடித்த கை உணர்ந்ததை இங்கே ஓர் இரும்புத் தண்டு உணர்கின்றது. பெர்குசனின் கண்டுபிடிப்பை இதனினும் சுருக்கமாக விளக்க இயலாது.

1936இல் இவ்வமைப்போடு முதல் யந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. 1938இல் அமெரிக்காவின் ஹென்றி போர்டும் பெர்குசனும் எழுத்தொப்பந்தமின்றிக் கைகுலுக்கிச் செய்துகொண்ட உடன்பாடு புகழ்பெற்றது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் செய்யப்பட்ட ரீ. ஈ. 20 என்னும் சிறிய சாம்பல்நிற யந்திரம் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உலகெங்கும் பரவியது. பின்னர் மசி பெர்குசன் என்ற பெயரில் 35ஆம், 135ஆம் இலக்க யந்திரங்கள் வந்தன. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனமும் மசி பெர்குசன் வகையைச் செய்யலாயிற்று.

இலங்கையில் இரண்டாம் உலகப்போரின் பின்னரே நான்கு சில்லு உழவு யந்திரங்கள் வரத் தொடங்கின. முதலில் அரசாங்கத்தின் வாயிலாகவும், 1950களிலும் 1960களிலும் தனியார் வாயிலாகவும் அவை வரண்ட பகுதி எங்கும் பரவின. 1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது அவற்றின் தொகை மேலும் பெருகியது. இரண்டு சில்லுச் சிறு யந்திரத்துக்கு லாண்ட்மாஸ்டர் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் பெயரே ஊர்ப்பெயராகிவிட்டது. யப்பானிலிருந்து வந்ததையும் சீனாவிலிருந்து வந்ததையும் மக்கள் லாண்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர். யந்திரம் உழவோடு நின்றுவிடவில்லை. எருதுகள் சூடு மிதித்த களத்தில் யந்திரச் சில்லு சுற்றிச் சுற்றி ஓடி நெல்லைப் பிரித்தது. பெட்டியைப் பூட்டினால் நெல்மூடை சந்தைக்குச் சென்றது; நோயாளி மருத்துவமனைக்குச் சென்றார்; மணமகள் வீட்டாரும் அதிலேயே சென்றனர்.

இனி, கலப்பையை யந்திரத்தோடு பூட்டித் திருத்தும் முறையைச் சுருக்கமாகக் கூறுவேன். யந்திரத்தை மட்டமான தரையில் நிறுத்தி, பின்சில்லுகள் இரண்டிலும் காற்று ஒத்த அளவில் உள்ளதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். காற்றிலே வேறுபாடு இருந்தால், பின்னர் செய்யும் திருத்தங்கள் யாவும் பிழைக்கும். இடப்பக்கக் கீழ்க்கையை முதலிற் பூட்டுவர். வலப்பக்கத் தூக்குத்தண்டிலே நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி உண்டாதலால், அப்பக்கத்தை அடுத்துப் பூட்டுவது எளிது. மேற்கை கடைசியாகப் பூட்டப்படும். பூட்டிய பின் பின்னே நின்று நோக்கினால், கலப்பைச் சட்டம் இடம்வலமாகச் சாயாமல் இருக்க வேண்டும். சட்டிக்கலப்பையாயின் ஒரு நுட்பம் உண்டு. உழும்போது யந்திரத்தின் வலச்சில்லு முன் ஓட்டிய சாலுக்குள்ளே இறங்கி ஓடும். யந்திரமே ஒருபுறம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்விலும் கலப்பை மட்டமாக நிற்கும்படி தூக்குத்தண்டைத் திருத்த வேண்டும்.

அடுத்தது முன்பின் சாய்வு. மேற்கையைத் திருகிக் குறுக்கினால் கலப்பையின் மூக்குக் கீழ்நோக்கும், நீட்டினால் நிமிரும். முன்வரிசைக் கால் ஆழமாகவும் பின்வரிசைக் கால் மேலாகவும் ஓடினால், மேற்கை அளவுக்கு மிஞ்சிக் குறுகியுள்ளது என்று அறியலாம். நுகத்தை ஏர்க்காலில் நகர்த்திக் கட்டிய பழைய உழவன் செய்ததும் இதுவே. கயிறு போய்த் திருகுதண்டு வந்துவிட்டது, வேறுபாடு அவ்வளவே. கலப்பை பக்கவாட்டில் ஆடிச் சில்லிலே தட்டாதபடி சங்கிலிகளை அளவாக இறுக்க வேண்டும். இவ்வளவும் செய்து, இருபது முப்பது யார் தூரம் உழுது நிறுத்தி, ஒரு கோலால் இருபுறத்து ஆழத்தையும் அளந்து பார்ப்பதே கடைசிப் படி. சேற்று வயலிற் சில்லு வழுக்கினால் இரும்புக் கூட்டுச்சில்லு பூட்டுவதும், முன்பகுதி இலேசானால் முன்னே பாரக்கட்டி மாட்டுவதும் உண்டு.

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்று சிலர் வினவலாம். வேண்டும் என்பதற்கு வன்னியின் குளங்களே சாட்சி. வயல் மேடுபள்ளமாக உழப்பட்டால், மேட்டை நனைக்கும்பொருட்டுப் பள்ளத்தில் முழங்காலளவு நீர் தேக்க வேண்டியதாகும். போகம் ஒன்றுக்குக் குளத்திலிருந்து விடும் நீரிற் கணிசமான பங்கு நிலத்தை நனைத்துப் பண்படுத்துவதிலேயே செலவாகின்றது. உழவு ஒரு வாரம் நீடித்தால் வாய்க்காலும் ஒரு வாரம் கூடுதலாக ஓடும். ஆகவே சாய்ந்து பூட்டிய ஒரு கலப்பை வரம்புக்கு அப்பாலும் தீங்கு செய்கின்றது. வாய்க்காலின் கடைக்கோடியிற் காத்திருக்கும் அயலவனின் பயிர் அதனால் வாடுகின்றது.

மண்ணின் வேறுபாட்டையும் கருத வேண்டும். நெல்வயலின் அடியில் இறுகிய மண்படை ஒன்று இருப்பது நன்று. அது நீரைத் தாங்கி வைக்கும். அதே இறுகிய படை கச்சான், உழுந்து, மிளகாய் பயிரிடும் மேட்டு நிலத்தில் இருந்தால் வேர் கீழிறங்காது. மழைநீரும் உட்செல்லாமல் மேலே ஓடிவிடும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்திற் சுழல்கலப்பையை ஓட்டினால் இப்படை தானாகவே உருவாகும். ஆழ உழுவதே மேல் என்ற பழமொழியை எல்லா நிலத்துக்கும் ஒன்றாகக் கொள்ளுதலும் பிழை. மேற்பரப்பில் மெல்லிய நன்மண்ணும் கீழே சரளையும் உள்ள இடத்தில் ஆழ உழுதால் சரளையே மேலே வரும். எந்த நிலத்துக்கு எந்த ஆழம் என்பதைக் காணிக்காரனே சொல்லவேண்டும்.

ஆனால் யந்திரம் வந்தபின் காணிக்காரன் வேறு, சாரதி வேறு என்றாகிவிட்டது. யந்திரத்தை வாங்க வல்லவர் சிலர். ஏனையோர் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசி உழுவித்தனர். கூலிக்கு உழும் சாரதி மழைப்பதத்தில் ஒரு நாளைக்குப் பல காணிகளைப் பார்க்க வேண்டியவன். மேற்கையைத் திருகி அளந்து நிற்க அவனுக்கு நேரமில்லை. அயலூரில் வைத்த அளவோடே இவ்வூரிலும் இறங்கினான். காணிக்காரனோ யந்திரத்தின் திருகுகளை அறியாதவன். வரம்பில் நின்று பார்த்தான். உழவுத் தொழிலின் அறிவு இவ்வாறு இரண்டாகப் பிரிந்தது. மண்ணை அறிந்தவன் கையில் திருகு இல்லை. திருகு கையிலுள்ளவன் மண்ணை அறியான். யந்திரத்தால் வன்னிக்கு விளைந்த நன்மை பெரிது. அதனோடு வந்த இழப்பு இதுவென்று நான் கருதுகின்றேன்.

பெர்குசன் யந்திரம் வெப்ப நாட்டோடு நின்றுவிடவில்லை. 1958ஆம் ஆண்டு தை 4ஆம் நாளன்று எட்மண்ட் ஹிலரி, சில்லுகளைச் சுற்றித் தடப்பட்டை பூட்டிய பெர்குசன் யந்திரங்களைச் செலுத்தித் தென்துருவத்தை அடைந்தார். 1983இன் பின் புலம்பெயர்ந்து கனடாவிற் குடியேறிய நம்மவர், மாரிகாலந்தோறும் இதன் உறவுக் கருவி ஒன்றைக் காண்கின்றனர். ஜீப் வண்டியின் முன்னே அகன்ற இரும்புத் தகட்டைப் பூட்டி, தெருவில் விழுந்த உறைபனியை வாரி ஒதுக்குவர். ஆங்கிலத்தில் அதற்கும் கலப்பை என்றே பெயர். அதனைத் திருத்தும் முறையைக் கேட்டால் வன்னிக் கமக்காரன் வியப்படையான். தகட்டின் கீழே இரு பாதக்கட்டைகள் உண்டு. சரளைத் தெருவில் அவற்றைத் தாழ்த்தினால் தகடு சற்று உயர்ந்து நின்று கற்களை வாராது. செப்பனிட்ட தெருவில் தகடு தரையோடு ஒட்டி ஓடலாம். இது ஆழத்தின் திருத்தம். முன்னே தகட்டின் பாரம் வண்டியைத் தாழ்த்துவதால் பின்னே மணல்மூடை ஏற்றுவர். இது பாரத்தின் திருத்தம். தகடு மறைந்த கல்லில் முட்டினால் சுருள்வில் இளகி, தகட்டை மடியவிட்டு மீண்டும் நிமிர்த்தும். வில்லை மிக இறுக்கினால் சட்டம் முறியும். மிகத் தளர்த்தினால் பனியின் பாரத்துக்கே தகடு மடிந்துவிடும். இது விட்டுக்கொடுத்தலின் திருத்தம். மேழி பிடித்த கை செய்த மூன்று தொழில்களும் பனி நாட்டிலும் மாறவில்லை.

வன்னியின் கதைக்கு மீள்வோம். 1990இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த பொருளாதாரத் தடையில் எரிபொருளும் உரமும் வடபகுதிக்குச் செல்வது அருகிற்று. யந்திரங்கள் பல கொட்டிலில் நின்றன. கைவிட்ட நுகமும் மேழியும் மீண்டும் வயலுக்கு வந்தன. 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்து வன்னிக்குள் வந்தனர். 2008இலும் 2009இன் முற்பகுதியிலும் வன்னி மக்களே ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, அவர்களுடைய உடைமைகளையும் முதியோரையும் பிள்ளைகளையும் சுமந்தவை உழவு யந்திரங்களின் பெட்டிகளே. பெட்டியை இழுப்பதற்குக் கலப்பையைக் கழற்ற வேண்டும். கழற்றப்பட்ட கலப்பைகள் வீட்டு முற்றங்களிலேயே கிடந்தன. 2009 வைகாசியில் போர் முடிந்தபோது, முள்ளிவாய்க்காலை அண்டிய மணற்பரப்பிலே கைவிடப்பட்ட வாகனங்களோடு உழவு யந்திரங்களும் பெருந்திரளாகக் கிடந்தன.

மக்கள் மீண்டு வந்தபோது நிலத்துக்குள் வேறொரு தடை புதைந்திருந்தது. பாலைக் குற்றிக்குச் சட்டிக்கலப்பை ஏறி உருண்டது. சுருள்வில் வளைந்து கொடுத்தது. கண்ணிவெடிக்கு விட்டுக்கொடுக்கும் வில் எதுவும் இல்லை. ஆகவே கொழு இறங்குமுன் மண்ணை அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டியதாயிற்று. சுழலும் உருளையிற் சங்கிலிகளைப் பூட்டி நிலத்தை அடிக்கும் யந்திரங்களும் பயன்பட்டன. 1942இல் எல் அலமெயின் போரில் தாங்கிகளின் முன்னே பூட்டப்பட்ட சங்கிலியடிப்பானின் வழிவந்தவை அவை. ஆயினும் மிகுதியான வேலை மனிதர் கையாலேயே நடந்தது. கண்டுபிடிக்கும் கருவியையும் வாரியையும் கொண்டு மண்டியிட்டு மண்ணைச் சிறுகச் சிறுக வாரினர். அவர்களுட் பெண்கள் பலர். போரிலே குடும்பத் தலைவனை இழந்தோரும் அவர்களுள் இருந்தனர். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. வன்னியில் ஒரு வயல் மீண்டும் உழப்படுகின்றதெனின், கலப்பைக்கு முன்னே ஒரு பெண்ணின் வாரி அதன்மேற் சென்றிருக்கலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

மீள்குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளில் இந்திய அரசு 500 உழவு யந்திரங்களை உபகரணங்களோடு வடமாகாணத்துக்கு நன்கொடையாக அளித்தது. கமக்காரர் அமைப்புக்களுக்கும் கமநல நிலையங்களுக்கும் அவை சென்றன. கடன்பட்டு யந்திரம் வாங்கியோரும் பலர். பத்தாண்டுக்குள் வயல்கள் மீண்டும் பசுமையுற்றன. பின்னர் 2022இல் நாடெங்கும் டீசல் கிடையாமற் போனபோது, எரிபொருளின் அருமையை வன்னி மற்றொரு முறை உணர்ந்தது. சாய்ந்த கலப்பையும் வழுக்கும் சில்லும் விழுங்கும் டீசல் சிறிதன்று. நன்கு திருத்திய கலப்பை நீரைச் சேமிப்பது போலவே எரிபொருளையும் சேமிக்கும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய பயன் யாது? யந்திரத்தை நன்கொடையாகப் பெறலாம், கடனுக்கும் வாங்கலாம். அதனைத் தன் மண்ணுக்கு ஏற்பத் திருத்தும் அறிவை அவ்வாறு பெற இயலாது. அது தலைமுறையினின்று தலைமுறைக்குக் கையாற் கொடுக்கப்படும் பொருள். இடப்பெயர்வுகளால் அந்தக் கைமாற்றம் பல குடும்பங்களில் அறுந்துவிட்டது. தந்தையோடு வயலில் நிற்க வேண்டிய வயதில் முகாம்களில் நின்ற பிள்ளைகள் இன்று கமக்காரராகியுள்ளனர். அவர்களுக்கு யந்திரம் ஓட்டத் தெரியும். மண்ணைப் பிடித்துப் பதம் பார்க்கச் சொல்லிக்கொடுப்போர் வேண்டும். மகா இலுப்பள்ளமவிலுள்ள பண்ணை யந்திர ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் அறிவும், ஊர்க் கமநல நிலையத்தின் முயற்சியும், எருதும் யந்திரமும் இரண்டையும் கையாண்ட முதியோரின் அனுபவமும் ஒருங்கு சேர்ந்தால் இக்குறை தீரும். அம்முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எனினும் ஆண்டுதோறும் அவர்கள் தொகை குறைகின்றது.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. அடுத்த காலபோகத்தின் முதல் உழவுநாளில், காணிக்காரனும் சாரதியும் சேர்ந்து யந்திரத்தை விட்டிறங்கி, உழுத சாலில் ஒரு கோலை ஊன்றி ஆழம் பார்ப்பார்களாக. இடப்புறமும் வலப்புறமும் ஒத்துள்ளனவா என்று அளப்பார்களாக. ஒவ்வாதாயின் வலப்பக்கத் தூக்குத்தண்டை ஒரு சுற்றுத் திருகி, இருபது யார் உழுது, மறுபடியும் அளப்பார்களாக. பக்கத்திலே ஒரு சிறுவன் நிற்பானாயின் கோலை அவன் கையிற் கொடுத்து அளக்கச் சொல்வது நன்று. மேழி பிடித்த கையிலிருந்த அறிவு அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்வதற்கு அவ்வளவு நேரம் போதும்.